சும்மா விட்டால் பூக்கும் செடி

நர்சரி நடத்துகிறவர்களுக்குப் பூச்சியைச் சமாளிக்க மருந்து இருக்கிறது, பம்பாய் மழையைச் சமாளிக்கத் தார்ப்பாய் இருக்கிறது. வாடிக்கையாளரின் பாசத்தைச் சமாளிக்கத்தான் இதுவரை எதுவும் வரவில்லை.

செம்பூரில் ஒரு காலனியின் காம்பவுண்டுச் சுவரோரமாகப் பல வருடம் செடி விற்றவள் நான். பெயர் எஸ்தர். அதற்கு முன்னால் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தப்புச் செய்தவன் தலையைக் குனிந்துகொள்வான். இங்கே செடியைக் கொன்றவன் பிணத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்து என்னிடம் கத்துவான். கடை வைத்திருப்பவர்கள், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள், டீச்சர்கள், நர்ஸுகள் எல்லாரும் என் ஜாதிதான். உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வருகிற தகராறு எல்லாம் ஒரே செடியால் வந்தது. அதன் பெயர் அடீனியம். போர்டில் பாலைவன ரோஜா என்று எழுதினால் சீக்கிரம் விற்கும். ரோஜாவுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அரளிக் குடும்பம். சஹாராவுக்குத் தெற்கே, மழை எப்போதாவது எட்டிப் பார்க்கிற பொட்டல் காட்டில் பாறை இடுக்கில் தானாக முளைக்கிற புதர். அடித்தண்டு பெரிய சேனைக்கிழங்கு மாதிரிப் பருத்திருக்கும். தனக்கு வேண்டிய தண்ணீரை அதற்குள்ளேயே பதுக்கி வைத்துக்கொள்ளும்.

வளர்க்கிற முறையைப் பஸ் வருவதற்குள் சொல்லிவிடலாம். பாதிக்கு மேல் மணலும் செங்கல் துண்டும், கொஞ்சம் மக்கிய எரு. அடியில் நல்ல ஓட்டையுள்ள தொட்டி. உச்சி வெயில். மண் அடிவரை காய்ந்த பிறகு தண்ணீர், மழைக்காலத்தில் கூரை. அப்புறம் அதைச் சும்மா விட வேண்டும். செடியை வாங்கினவர்கள் எல்லாரும் இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் கடையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

பூவா ஸ்கூட்டரா

அந்தச் சுவரோரம் எனக்குச் சொந்தமில்லை. காலனி சொசைட்டி வருடா வருடம் அனுமதி கொடுக்கும். வீட்டு வாடகையும் மகளின் நர்சிங் காலேஜும் அந்த ஒரு துண்டு நிலத்திலிருந்துதான் நடந்துகொண்டிருந்தன. அந்த வருடம் புது சேர்மனாக வெங்கட்ராமன் சார் வந்தார். ரிடையர் ஆன மறுநாளே காலனியைச் சீர்திருத்தக் கிளம்பியவர். என் இடத்தில் ஸ்கூட்டர் பார்க்கிங் போட வேண்டும் என்பது அவருடைய முதல் சீர்திருத்தம்.

நான் அவர் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். கெஞ்சியது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் கெஞ்சினேன். அவர் அப்போதுதான் துபாயில் மகன் வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். அங்கே வாசலுக்கு வாசல் அடீனியம் பூத்துக் குலுங்குகிறதாம், நம் காலனி கேட் மட்டும் மூளியாக நிற்கிறதாம். குடியரசு தினத்தன்று கேட்டில் கொடியேற்றும்போது இரண்டு பக்கமும் அந்தச் செடி பூத்திருக்க வேண்டும் என்றார். துபாயில் மழை கிடையாது சார், இங்கே நாலு மாசம் மழைதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காபி டம்ளரை வைத்துவிட்டு, கமிட்டி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது போலச் சொன்னார்: "பூத்தா நீங்க, பூக்கலேன்னா ஸ்கூட்டர்."

தினம் ஒரு சொம்பு

அப்போது ஜூன் மாதம். கேட்டுக்கான செடிகளைச் சுவரோரம் தார்ப்பாய்க்குக் கீழே பலகையில் ஏற்றி வைத்து, மழைத் துளி படாமல் காவல் காத்தேன். அந்த மழையிலும் மற்ற வாடிக்கையாளர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். முதலில் வந்தவர் மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி. போன மாதம் வாங்கிய அடீனியம் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அடித்தண்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று, புளித்த வாடை அடித்தது.

தண்ணீர் எப்போது ஊற்றினீர்கள் என்று கேட்டேன். மாமிக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. காலையில் குளித்து மடியாகத் துளசிக்கு ஒரு சொம்பு விடுகிறாராம், பக்கத்தில் இது வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இதற்கு விடாமல் எப்படி வருவது என்றார். வெள்ளிக்கிழமைகளில் அரிசி களைந்த தண்ணீரும் உண்டாம், அது சத்தாம். இந்தச் செடி மழையில்லாத காட்டில் பிறந்தது, மாதத்துக்கு இரண்டு முறை போதும், மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம் என்று நான் ஆரம்பத்திலிருந்து பாடம் எடுத்தேன். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார். "பட்டினி போட்டு வளர்க்கற செடியை ஆத்துல வெச்சுண்டா குடும்பத்துக்கு ஆகாது, எஸ்தர். நீ ஒரு மணி பிளான்ட் குடு."

பஞ்சாயத்தும் பேஸ்ட்டும்

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கும் தர்மராஜ் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரன். புதிதாகக் கட்டிய கட்டடத்தில் ஏழாவது மாடியில் வீடு கிடைத்த சந்தோஷத்தில் ஜன்னல் கிரில்லில் வைக்க அடீனியம் வாங்கிப் போனான். இவனாவது சொன்னதைக் கேட்பான் என்று நம்பினேன், ஏனென்றால் பட்டறையில் ஒரு தையல் கோணலானால் பையைத் தூக்கி எறிகிறவன். ஒரே மாதத்தில் செடியோடு வந்தான். தொட்டியைத் தூக்கினேன், தண்ணீர்க் குடத்தின் கனம் இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நான் போட்ட ஓட்டைகள் ஒன்றுகூட இல்லை. குழாய் ஒழுகினால் அடைக்கிற பேஸ்ட்டை வைத்து, தேய்த்து, பாலீஷ் போட்ட மாதிரி அழகாக அடைத்திருந்தான். அவன் தொழிலில் கெட்டிக்காரன் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

வேர் நீரில் மூழ்கினால் மூச்சு முட்டிச் சாகும், அதற்காகத்தான் ஓட்டை என்று கத்தினேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "எக்கா, கீழ் வீட்டுக்காரி துணி மேல ஒரு சொட்டு விழுந்தா பில்டிங் பூராவும் பஞ்சாயத்துக்கு வந்துரும். செடி செத்தா நானும் நீயும் மட்டுந்தான பேசிக்கிடுதோம்."

வாரா வாரம் தூக்கினவர்

அடீனியத்தில் பூவைவிட அடித்தண்டுதான் அழகு என்று நினைக்கிற ஒரு கூட்டம் உண்டு. உல்லாஸ்நகரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் செல்லையா அண்ணாச்சி அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர். கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் அது பருக்கப் பருக்க வியாபாரம் பருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பருக்க வைப்பது எப்படி என்று கேட்டார். நானும் தொழில் ரகசியத்தைச் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை தொட்டி மாற்றும்போது, மண்ணுக்குள் இருக்கிற பருத்த வேரை இரண்டு விரல் அளவு மேலே தூக்கி நட வேண்டும். வெளியே தெரிகிற பாகம் மெல்ல மெல்லத் திரளும்.

இரண்டு வருடம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை, தூக்குவது மட்டும் விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கடையடைத்த பிறகு செடியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்திருக்கிறார். வேர் பிடிக்க முடியாமல் அது வாடி, தோல் சுருங்கி, ரப்பர் போன காலுறை மாதிரித் தொளதொளவென்று வந்து சேர்ந்தது. அண்ணாச்சிக்கு என் மேல் வருத்தம். "நானும் வாரா வாரம் தூக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். தூக்கத் தூக்க மெலியுது, ஏவாரமும் மெலியுது. ஒங்கள நம்பினேன் பாருங்க."

நாம வேற

மழை விட்டதும் அக்டோபர் வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கியது. செடிகளைத் தார்ப்பாயிலிருந்து கிளப்பி கேட்டின் இரு பக்கமும் வரிசையாக வைத்தேன். ஒன்றுகூட அழுகவில்லை என்று எனக்குள்ளே கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. அன்று சாயங்காலமே சொசைட்டி செக்ரட்டரி லலிதா மேடம் வந்து நின்றார். இந்தச் செடியின் பால் விஷமாமே, ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவி வேட்டையாடுவார்களாமே என்று கேட்டார். உண்மைதான். கிளையை ஒடித்தால் கை கழுவ வேண்டும், பிள்ளைகளும் நாயும் கடிக்காத உயரத்தில் வைக்க வேண்டும். அதனால்தான் தொட்டிகளைச் செங்கல் மேடையில் ஏற்றியிருக்கிறேன் என்று காட்டினேன்.

விஷம் அவருக்குப் பிரச்சினையில்லை என்று பிறகுதான் புரிந்தது. ஆப்பிரிக்காக் காட்டிலிருந்து வந்ததை நம் வாசலில் வைப்பதா, நம்ம ஊர்ச் செடி எதுவும் கிடைக்கவில்லையா என்றார். அவர் கையில் இருந்த பையில் தக்காளியும் பச்சை மிளகாயும், கோயிலுக்குச் செண்டுமல்லிச் சரமும் இருந்தன. மூன்றும் கடல் தாண்டி வந்தவை. அதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாமும்கூட ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள்தானே மேடம், மதராஸி திரும்பிப் போ என்று நம்மையும்தானே விரட்டினார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் என்னவோ அவர் வீட்டு ரேஷன் கார்டைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. "அதெல்லாம் வேற, எஸ்தர். நாம மூணு தலைமுறையா இங்க இருக்கோம்."

மொட்டை

அடீனியம் புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். ஜனவரி கடைசியில் பூ வேண்டுமென்றால் அக்டோபரில் கிளைகளை வெட்டிவிட வேண்டும். நல்ல கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து, மளமளவென்று வெட்டி, வெட்டுவாயில் பூஞ்சை மருந்தைத் தடவிவிட்டேன். ஒவ்வொரு கிளைக்கும் நான்கு விரல் நீளம் மிச்சம். செடிக்கு இது முடி வெட்டிக்கொள்வதைவிடப் பெரிய விஷயமில்லை.

காலனிக்கு அது கொலை. வாக்கிங் போனவர்கள் எல்லாரும் கேட்டில் துக்கம் விசாரிக்க நின்றார்கள். வாட்ஸாப் குழுவில் என் செடிகளின் படத்தை யாரோ போட, கூப்பிய கைகளும் அழுகிற முகங்களும் வந்து விழுந்ததாகப் பால்காரர் சொன்னார். தினம் ஒருத்தராக, ஸ்கூட்டர் பார்க்கிங் எப்போது வருகிறது என்று சேர்மனைக் கேட்கத் தொடங்கினார்கள், நான் காதில் வாங்குகிற தூரத்திலேயே. செடி துளிர்க்கும் என்று தெரியும். அதுவரை இவர்கள் பொறுப்பார்களா என்றுதான் தெரியவில்லை. வெங்கட்ராமன் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "மேடம், நான் வாசலுக்குப் பூ கேட்டேன். நீங்க உலக்கை வெச்சிருக்கேள்."

தண்ணீர்ப் பந்தல்

துக்கம் விசாரித்தவர்கள் அடுத்ததாக உதவி செய்ய ஆரம்பித்தார்கள். இதற்குத்தான் நான் பயந்தேன். காலையில் யோகா முடித்து வருகிறவர் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைச் சாய்த்தார். ஸ்கூல் பஸ்ஸுக்குப் பிள்ளையை விட வந்த அம்மாக்கள் பிள்ளை குடிக்காமல் கொண்டுவந்த முந்தின நாள் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். வாட்ச்மேன் வாய் கொப்பளிக்கிற சொம்பில் பாதியைக் கொப்பளித்து மீதியைச் செடிக்குத் தானம் செய்தார். தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று தமிழிலும் ஹிந்தியிலும் மராத்தியிலும் போர்டு எழுதி வைத்தேன். ஒருவர் போர்டை நின்று நிதானமாக வாசித்துக்கொண்டே ஊற்றியதை என் கண்ணால் பார்த்தேன்.

சொல்லித் திருத்த முடியாது என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு தொட்டியிலும் மண்ணின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டைச் செடியைச் சுற்றிச் சரிவாகக் கட்டி, மேலே வெள்ளைக் கூழாங்கல் பரப்பினேன். ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கல்லுக்குள் மறைந்து, தொட்டியின் வெளிப்பக்கமாக வழிந்து ரோட்டுக்குப் போயிற்று. ஊற்றியவர்களுக்குப் புண்ணியம், செடிக்கு நிம்மதி. நவம்பரில் வெட்டிய இடமெல்லாம் துளிர் விட்டது. வெங்கட்ராமன் சார் வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், என்னையும் சேர்த்து. "பாத்தேளா? காலனியே சேர்ந்து தண்ணி விட்டதுல எப்படித் துளிர்த்திருக்கு. நீங்க சொல்ற மாதிரி காயப் போட்டிருந்தா இந்நேரம் அடுப்புக்குத்தான் போயிருக்கும்."

கொடியேற்றம்

ஜனவரி முதல் வாரம் மொட்டு வைத்தது. கொடியேற்றுகிற அன்றைக்குக் காலையில் கேட்டின் இரு பக்கமும் ரோஸும் வெள்ளையுமாக இலை தெரியாமல் பூத்திருந்தது. நான் வளர்த்ததுதான், ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன். காலனியே செடியோடு போட்டோ எடுத்துக்கொண்டது. லலிதா மேடம் மருமகளை இரண்டு தொட்டிகளுக்கு நடுவில் நிறுத்தி விதவிதமாக எடுத்தார். தேசிய கீதம் முடிந்து வடையும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தபோது சேர்மன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஸ்கூட்டர் பார்க்கிங் திட்டத்தைக் கமிட்டி கைவிட்டுவிட்டது, நிம்மதியா இருங்கோ என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் இன்னும் முடிக்கவில்லை. அந்தச் சுவரோரத்தில் சொசைட்டியே அடீனியம் தோட்டம் போடப் போகிறதாம், ஏப்ரலுக்குள் நான் இடத்தைக் காலி செய்து தர வேண்டுமாம். பூத்தால் நான் இருக்கலாம் என்றுதானே பேச்சு என்றேன். பேச்சு பேச்சுதான், இது கமிட்டி தீர்மானம் என்றார். தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது. "ஒண்ணுமே பண்ண வேண்டாம், சும்மா விட்டாப் போறும்னு நீங்கதானே வருஷம் பூரா சொன்னேள்? சும்மா விடறதுக்கு எதுக்கு ஒரு ஆள்?"

மனசு கேட்காதவர்கள்

ஒரு மனுஷி தன் வித்தையை ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தால் அந்த ஒரு வரிக்கு மேல் அவளிடம் எதுவும் கிடையாது என்றுதான் ஜனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நான் மாஹிமில் ஒரு பாலத்துக்குக் கீழே பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே வெயில் கிடையாது, அதனால் அடீனியமும் கிடையாது. நிழலில் நிற்கிற செடிகளை விற்கிறேன். மகள் ஒரு வருடம் படிப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது வெங்கட்ராமன் சாரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, வர வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஜூனில் மழை பிடித்த வாரம் அவரே போன் செய்தார். தோட்டத்துக்கென்று ஒரு தண்ணீர் கமிட்டி போட்டிருக்கிறார்களாம், காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், மழை நாளிலும் முறை தவறுவதில்லையாம். அப்படியும் இலை மஞ்சளாகிறது, தண்டு தொட்டால் அல்வாவாகக் குழைகிறது என்றார். சிரிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கேட்டில் நான் வைத்த செடிகளும் அந்தத் தோட்டத்துக்குத்தான் போயிருந்தன, அதில் பாதி என் கையால் விதை போட்டு வளர்ந்தவை. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, அழுகின பாகத்தை வெள்ளைச் சதை தெரிகிறவரை வெட்டி, பூஞ்சை மருந்து தடவி, மழை படாமல் காற்றில் தொங்க விடுங்கள், பத்து நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாதீர்கள், பிழைக்கும் என்றேன். அவர் மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "பத்து நாள் தண்ணியே இல்லாமயா? மனசு கேக்க மாட்டேங்கறதே, மேடம்."

ஆப்பிரிக்காவில் கேட்பார் கேள்வியில்லாமல் காலம் காலமாக வாழ்கிற புதர், செம்பூரில் இத்தனை நல்ல மனசுக்காரர்கள் கையில் கிடைத்தும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை.